பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது, விழித்திரையை ஏன் படமெடுக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 48. சுகர் வந்து எட்டு வருடமாகிறது, மாத்திரை மட்டும்தான். எங்கள் ஊர் முகாமில் சின்ன கேமராவால் இரண்டு கண்ணையும் படமெடுத்தார்கள். கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு 'கண் மருத்துவரைப் பார்க்கவும்' என்று சீட்டு கொடுத்தது. கண்ணாடி போட்டால் பொடி எழுத்துகூட எனக்குத் தெரிகிறது, கண்ணாடிக் கடையிலும் பவர் சரி என்றார்கள். போனால் சொட்டு மருந்து, ஓசிடி ஸ்கேன் என்று செலவு வைப்பார்களோ? கதிர்வீச்சு பயம் வேறு. - வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போங்கள் அம்மா, அதுவும் இந்த மாதத்துக்குள். கண்ணாடிக் கடையில் பார்த்தது உங்கள் பவரைத்தான், கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரையை யாரும் அங்கே பார்க்கவில்லை. பொடி எழுத்தைப் படிக்க நாம் பயன்படுத்துவது விழித்திரையின் நடுவிலுள்ள மேக்குலா என்ற மிகச் சின்ன இடம். அதைச் சுற்றி சுகரால் ரத்தக் குழாய்கள் புடைத்து, ரத்தம் கசிந்து, மஞ்சளாகக் கொழுப்பு படிந்து கிடந்தாலும், நடு இடத்தைத் தொடாதவரை உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, வலியும் இருக்காது. பார்வை மங்கிய பிறகு வருகிறவர்களுக்கு ஊசியோ லேசரோ கொடுத்து இருப்பதைக் காப்பாற்றத்தான் பெரும்பாலும் முடிகிறது, போனதை முழுதாகத் திருப்பித் தர முடிவதில்லை.

சரி, அந்தச் சீட்டை எவ்வளவு நம்பலாம்? கண் மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்த ஏராளமான விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் அது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டிலும் நம் நோயாளிகளிடமே கூகுளின் மென்பொருளைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள், படம் பார்த்துத் தரம் பிரிக்கும் ஆட்களுக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ அது செய்திருந்தது. ஆனால் எந்த மென்பொருளாக இருந்தாலும் சலித்துக் கொடுக்கும் வேலைதான் அதனுடையது, நோய் இதுதான் என்று முடிவு சொல்வதல்ல. சொட்டு மருந்து போடாமல் எடுத்த படம், கண்மணி சிறியதாக இருந்தாலோ புரை ஆரம்பித்திருந்தாலோ மங்கலாக விழும், அப்போதும் 'மருத்துவரைப் பார்' என்றுதான் வரும். ஆகவே சீட்டைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். முடிந்தால் முகாமில் எடுத்த படத்தையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் அடம் பிடிக்காதீர்கள். கேமரா ஒரு தடவையில் விழித்திரையின் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். சொட்டு போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண்மணி விரியும், ஓரம்வரை மருத்துவரே பார்த்துவிடலாம். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும், எனவே ஸ்கூட்டியை வீட்டில் வைத்துவிட்டு யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். முன்பு எப்போதாவது திடீரெனக் கண் அழுத்தம் ஏறி வலி வந்திருந்தால் சொட்டு போடுமுன் சொல்லிவிடுங்கள்.

ஓசிடியில் எக்ஸ்ரே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான், கர்ப்பிணிக்கும் எடுக்கலாம். விழித்திரையைக் குறுக்கே வெட்டினாற்போல அடுக்கடுக்காகக் காட்டும், மேக்குலாவில் நீர் கோத்து வீங்கியிருந்தால் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, தடிமன் சொல்லும். வீக்கம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் அது அவசியம், ஊசி போட்ட பின் குறைந்ததா என்று பார்க்கவும் அவசியம். சந்தேகமே இல்லாதபோது எடுக்கச் சொன்னால், 'எதைப் பார்க்க இந்த ஸ்கேன்?' என்று தாராளமாகக் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கையில் மஞ்சள் சாயம் ஏற்றி விழித்திரையின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லோருக்கும் தேவைப்படாது. செலவுதான் தடை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள்.

போகும்போது கடைசி எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பிபி, சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், விழித்திரை கெடுவதில் பிபிக்கும் பங்கு உண்டு. அப்படியே கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பார்வை நரம்பை மெல்லக் கெடுக்கும் கிளாக்கோமாவும் சத்தமில்லாமல் வருகிற ஆள்தான், சுகருக்காக எடுத்த படத்தை வைத்து அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் நன்றாக இருந்தால் அடுத்த வருடம் பார்த்தால் போதும். லேசான பாதிப்பு என்றால் எத்தனை மாதத்தில் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அதற்கு நடுவில் கண் முன்னே திடீரென்று கரும்புள்ளிகள் கொத்தாக மிதந்தாலோ, திரை இறங்கியதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.