பிரேக்கில் கரகர ஓசை: அளந்து பார்க்கும் முன் எதையும் வாங்காதீர்கள்

கேள்வி: பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்க வலது சக்கரத்திலிருந்து இரும்பை அரம் கொண்டு ராவுவது போன்ற ஓசை வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் நான்கு சக்கரங்களிலும் பேட், டிஸ்க், காலிப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பேட்டை மட்டும் வீட்டிலேயே நான் மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிய பழக்கமும் அவசரப்படாத மனமும் உள்ளவருக்கு முன்பக்க டிஸ்க் பிரேக்கில் பேட் மாற்றுவது பெரிய வேலை இல்லை. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இருபுறமும் உரசி நிறுத்துபவை பேட்கள், பேட்களைத் தாங்கி உள்ளிருக்கும் பிஸ்டனால் அழுத்துவது காலிப்பர். ஆனால் அதுவரை காரை எடுக்காதீர்கள். புதிய பேட்டில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும், அது 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும், பல பேட்களில் இதற்கென்றே வைத்திருக்கும் சிறு தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று ஒலி எழுப்பும். அந்த எச்சரிக்கைக் காலம் முடிந்து, பேட்டின் இரும்புத் தகடே டிஸ்க்கைக் கடிக்கும் நிலையில் பிறப்பதுதான் நீங்கள் சொல்லும் கரகர ஓசை. இந்நிலையில் ஓட்டினால் டிஸ்க் பள்ளம் பள்ளமாக அறுபடும், வண்டி நிற்க அதிகத் தூரம் எடுத்துக்கொள்ளும், பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து பிரேக் ஆயில் கசியவும் கூடும். எண்ணெயோ துருநீக்கும் திரவமோ தெளித்தால் ஓசை அடங்கும் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஓசையோடு பிரேக்கும் போய்விடும்.

மழையில் நின்ற வண்டியில் முதல் இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டும் கேட்டு மறைவது மேல்துருவின் ஓசை. அதைப் பொருட்படுத்த வேண்டாம். உங்களுடையது ஒவ்வொரு மிதிக்கும் வருவதால் சக்கரத்தைக் கழற்றியே பார்க்க வேண்டும். வெளிப்பக்கப் பேட் நன்றாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். காலிப்பர் நகர்வதற்கான பின்கள் கிரீஸ் வறண்டு இறுகிவிட்டால், கண்ணுக்கு எளிதில் தெரியாத உள்பக்கப் பேட் மட்டும் முழுவதும் தேய்ந்துபோகும். சில கார்களில் பேட் தேய்மானத்தைக் காட்டும் சென்சார் ஒரே ஒரு சக்கரத்தில்தான் இருக்கும் என்பதால், எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதையும் நம்பியிருக்க முடியாது.

இனி அந்த நீண்ட பட்டியலுக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் பணம் கரையப்போவது அங்கேதான். டிஸ்க்கை மாற்றவேண்டுமா என்பதை முடிவு செய்வது அதன் தடிமனே. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலும் அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அது பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டைத் தவிர்த்து, பேட் உராயும் இடத்தில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் அந்த மேட்டின் தடிமனைத்தான் காட்டும். அளவு குறைந்திருந்தாலோ, விரிசலோ ஆழமான கீறலோ இருந்தாலோ அந்த அச்சின் இரு டிஸ்க்குகளையும் மாற்றுங்கள். காலிப்பரை மாற்றுவதற்குக் கசிவு, கிழிந்த ரப்பர் உறை, உள்ளே போக மறுக்கும் பிஸ்டன் போன்ற காரணம் ஒன்று கண்ணெதிரே இருக்க வேண்டும். பின்சக்கரங்களிலும் மாற்ற வேண்டும் என்பவரிடம் அங்கே பேட் எத்தனை மி.மீ. மீதமிருக்கிறது என்று கேளுங்கள். மி.மீ. கணக்கைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் நீட்டுபவர் அளக்கவே இல்லை. அளவை எழுதிக் கொடுப்பதும் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் இத்தொழிலில் இன்னும் கட்டாய வழக்கமாகவில்லை. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவுகளைப் பல நிறுவனங்கள் உரிமையாளர் கையேட்டில் முழுமையாகத் தருவதுமில்லை. தன் உயிரை நம்பி ஓட்டுபவரிடமிருந்து இவற்றை மறைத்து வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பேட் வாங்கும்போது, அதே தரம்தான், பெட்டி மட்டும் வேறு என்று சொல்லி விலை குறைப்பவரிடம் வாங்காதீர்கள். போலிப் பேட்டில் உராயும் பகுதி இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும் ஆபத்து உண்டு. கார் நிறுவனத்தின் அல்லது பேட் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், பாக எண்ணைச் சரிபார்த்து, இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

வேலையைச் சமதளத்தில் தொடங்குங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, வண்டியை உயர்த்தியபின் கட்டாயமாக ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல், முகக்கவசம் அணிந்து பிரேக் கிளீனரால் கழுவுங்கள். கழற்றிய காலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டுங்கள். பழைய பேட்டை வைத்து, சி வடிவக் கிளாம்ப்பால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது பானெட்டுக்கு அடியிலுள்ள டப்பாவில் பிரேக் ஆயில் உயரும். வழிந்தால் பெயின்ட்டை அரிக்கும். காலிப்பர் பின்களுக்குப் பிரேக்குக்கென விற்கும் சிலிக்கான் கிரீஸையே பூசுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும்.

இதே முறையைப் பின்சக்கரத்தில் செய்துபார்க்க நினைக்காதீர்கள். பல கார்களில் கைபிரேக் பின்பக்கக் காலிப்பருக்குள்ளேயே இணைந்திருக்கும். அந்தப் பிஸ்டனை நேராகத் தள்ளினால் உள்ளிருக்கும் திருகு அமைப்பு உடையக்கூடும், அதற்குரிய கருவியால் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்தி இயக்கும் மின்சாரக் கைபிரேக் என்றால் இன்னும் கவனம் தேவை. அதை முதலில் சர்வீஸ் நிலைக்கு, அதாவது பழுதுபார்ப்பதற்காகப் பிடியைத் தளர்த்திவைக்கும் நிலைக்கு, மாற்றாமல் பிஸ்டனைத் தள்ளினால் கைபிரேக்கின் மோட்டாரே பழுதாகலாம். வேலை நடக்கும்போது அது தானாக இயங்கினால் விரல் நசுங்கும். அந்நிலைக்கு மாற்றும் ஸ்கேன் கருவி இல்லாதவர் பின்சக்கரத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி.

எல்லாவற்றையும் மாட்டி, நட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கியபின், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. டப்பாவில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, புதிய பேட் டிஸ்க்கோடு நன்றாகப் படிய, ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மென்மையாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை, இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அங்கிருந்து ஓட்டி வராமல் ஏற்றி அனுப்புங்கள். பெடல் சரியாக இருந்து, மிதிக்காதபோதும் மெல்லிய உரசல் மட்டும் கேட்டால், டிஸ்க்கின் பின்னுள்ள தூசித் தகடு வேலையின்போது வளைந்திருக்கும். டிஸ்க் ஆறியபின் அதை விரலால் சற்று விலக்கிவிட்டால் ஓசை நின்றுவிடும்.