ரிட்டயர் ஆனதும் சொந்த ஊர்: சென்னை ஃபிளாட்டை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 60. அம்பத்தூரில் தனியார் கம்பெனி வேலை ஆகஸ்ட் மாதத்தோடு முடிகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 42 லட்சம் வரும். ஃபிளாட் சொந்தம், கடன் இல்லை. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பா தவறிவிட்டார், எனக்கு இரண்டு தங்கைகள். ஃபிளாட்டை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டால் செலவு பாதியாகக் குறையும்தானே? மனைவிக்கு 56 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். ஒரே மகன் பெங்களூரில்.

பதில்: ஊருக்குப் போய்ப் பாருங்கள். ஃபிளாட்டை மட்டும் இப்போதைக்கு விற்காதீர்கள்.

முதலில் செலவு. உங்களுக்குச் சென்னையில் வாடகை கிடையாது, கடனும் இல்லை. ஊருக்குப் போனால் குறையப்போவது அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிக் காசு, ஆட்டோ, ஹோட்டல் போன்றவைதான். கேஸ் சிலிண்டர், மருந்து, போன், பெட்ரோல் எல்லாம் அங்கேயும் ஏறக்குறைய இதே விலை. அதற்கு மேல், நீங்கள் கணக்கில் எழுதாத ஒன்று இருக்கிறது: மொய். சென்னையில் இருக்கும்வரை, 'வரமுடியலை' என்று ஜிபேயில் ஐந்நூறு அனுப்பித் தப்பிக்கலாம். ஊரில் குடியிருப்பவர் ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வாங்குவார். காதுகுத்து, புதுமனை, கருமாதி, கோயில் வரி எதையும் தட்டமுடியாது. பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். கால்வாசி குறைந்தால் நல்லது என்று கணக்குப் போடுங்கள்.

கைமாற்றும் ஒரு செலவுதான். ரிட்டயர்மென்ட் பணம் வந்த செய்தி உங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். கேட்பவர் பங்காளியாக இருந்தால் இல்லை என்று சொல்ல நாக்கு வராது. அதனால் கிளம்புவதற்கு முன்பே 30 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிடுங்கள். அதுதான் அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 வரும். புதிய கணக்குகளுக்கான வட்டியை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கும். நீங்கள் கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே இல்லை, அதன் பிறகும் பிடித்தம் உண்டு. 'பணம் போஸ்ட் ஆபீஸ்ல மாட்டிக்கிடக்கு மாமா' என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

அடுத்தது வீடு. 'அப்பா கட்டிய வீடு' என்று எழுதியிருக்கிறீர்கள், 'என் வீடு' என்று எழுதவில்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அதில் அம்மா, நீங்கள், இரு தங்கைகள் எல்லோருக்கும் சமபங்கு. 'தங்கச்சிங்க கேக்கமாட்டாங்க' என்று பல அண்ணன்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தங்கைகள் கேட்காமல் இருக்கலாம். நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகள் கேட்பார்கள். ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பத்து லட்சம் இறக்கியபிறகு பாகப்பிரிவினைப் பேச்சு வந்தால் அது பணத்தோடு நிற்காது. வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரமோ, தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவுசெய்து, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதன் பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.

ஃபிளாட்டை ஏன் விற்கக்கூடாது என்கிறேன்? விற்ற வீட்டின் லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால், இரண்டு வருடத்துக்குள் வேறு குடியிருப்பு வீடு வாங்கவேண்டும், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டவேண்டும். பழைய வீட்டைச் செப்பனிட்டால் பொதுவாக அது கணக்கில் வராது. அந்தப் பணத்தில் இரண்டு மா நிலம் வாங்கினாலும் வராது. டெல்டாக்காரர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். வரியை விடப் பெரிய சிக்கல், போனால் திரும்ப வரமுடியாது என்பது. அம்பத்தூரில் இன்றைக்கு விற்ற விலையில் ஐந்து வருடம் கழித்து அதே ஏரியாவில் வாங்குவது சந்தேகம்தான். வாடகைக்கு விடுங்கள். ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தேவை.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? கடிதத்தில் அவருடைய சர்க்கரை இருக்கிறது, அபிப்பிராயம் இல்லை. வலங்கைமான் உங்களுக்குப் பிறந்த ஊர். டீக்கடையில் உட்கார்ந்தால் கூடப் படித்தவன் யாராவது வந்துவிடுவான். அவருக்கு அது மாமியார் ஊர். அவருடைய சிநேகிதம், எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்ற பழக்கம், காலை நடைக்கு வரும் இரண்டு பேர், எல்லாம் அம்பத்தூரில் இருக்கின்றன. இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்கிறேன்: அவர் உங்களைவிட நான்கு வயது இளையவர், பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களைவிட அதிகம். அந்த வீட்டில் கடைசியாகத் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத, 75 வயதுப் பெண்மணி அந்த வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு எப்படிப் போவார் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மருத்துவம் அதோடு சேர்ந்தது. அன்றாடச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் கிராமம் இன்று மோசமில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கவாதம் வந்தால்தான் வித்தியாசம் தெரியும். ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டும். ஆகவே வீட்டு வாசலிலிருந்து இரவு இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று ஒருமுறை கும்பகோணம் வரை, தஞ்சாவூர் வரை வண்டி எடுத்துப் போய்ப் பாருங்கள்.

கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதற்குள் இருவருக்கும் சொந்த பாலிசி எடுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். அதற்கான காத்திருப்பு மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சில பாலிசிகளில் கிராம முகவரிக்குப் பிரீமியம் குறைவாக இருக்கும். ஆனால் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கை நாமே கட்டவேண்டிவரும். ஊர்களை இப்படிப் பிரிக்கும் 'ஸோன்' என்ற சொல் எங்கே வருகிறது என்று பாலிசிப் பத்திரத்தில் தேடிப் பாருங்கள்.

நான் சொல்வது இதுதான். இந்த வருடம் கும்பகோணத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடியுங்கள். பஸ், கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் நடை தூரத்தில் இருக்கட்டும். கிராமத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வரலாம், அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் மனைவிக்குக் கட்டணமும் இல்லை. ஊர் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் தங்கிப் பாருங்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பார்த்த ஊர் வேறு. அடைமழையில் வாசலில் தண்ணீர் நிற்கும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினை என்ன செய்வது என்ற யோசனை வரும். அறை வெப்பம் 30 டிகிரிக்குள் இருந்தால், பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா பொதுவாக நான்கு வாரம்போல் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருப்பு மருந்துக்கு மட்டும் கரண்ட் இருக்கும் ஒரு வீட்டைப் பேசி வையுங்கள்.

தை பிறக்கும்வரை ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் மாற்றவேண்டாம். அஞ்சலகக் கணக்கை அம்பத்தூரிலேயே தொடங்குங்கள். பிறகு கும்பகோணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.