சென்சார் மாத்தியும் அணையாத மஞ்சள் லைட்டு

ஈரோட்டுல இருந்து ஒரு வாசகர் நீளமா எழுதிருக்கார், சுருக்கி சொல்றேன். 2014 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர் இன்ஜின், 1,18,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. ஆறு மாசமா டேஷ்போர்டுல இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட்டு அணைய மாட்டேங்குது. மொதல்ல ஸ்கேனர் போட்டப்ப பி0171னு கோடு வந்துச்சாம். ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னு சொல்லி 7,000 ரூபாய்க்கு புதுசு போட்டாங்க. நாலு நாள்ல திரும்ப எரிஞ்சுருச்சு. கோடை அழிச்சு விட்டாங்க, ஒரு வாரத்துல மறுபடியும். இப்ப பி0171 கூட பி0420ம் சேர்ந்து வருது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் பண்ற டப்பா) காலி, 40,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. மைலேஜ் 17ல இருந்து 13க்கு இறங்கிருச்சு.

அப்புறம் அவர் எழுதினதை அப்படியே போடுறேன், விஷயம் இதுலதான் இருக்கு: "இழுவை எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், போன மாசம் கூட திம்பம் மலை ஏறி தாளவாடி போயிட்டு வந்தேன், ஒரு பிரச்சனையும் இல்ல. காலைல ஸ்டார்ட் பண்ணா மட்டும் தையல் மெஷின் மாதிரி டிக் டிக்னு ஒரு சத்தம், ரெண்டு கிலோமீட்டர் போனா நின்னுரும், வயசான வண்டிக்கு வால்வு சத்தம் இருக்கத்தான் செய்யும்னாங்க. பிளக் மாத்துனப்ப பழசு நாலும் கரியா இருந்துச்சு. எல்லாம் இந்த ஈ20 பெட்ரோலாலதான்னும் சிலர் சொல்றாங்க. கன்வெர்ட்டரை மாத்திரலாமா, இல்ல அந்த பல்பை புடுங்கிட்டு ஓட்டிரலாமா?"

ரெண்டும் வேண்டாம் சார். வண்டியை நேர்ல பார்க்காம அடிச்சு சொல்லக் கூடாதுதான், ஆனா நீங்க போற போக்குல எழுதின அந்த டிக் டிக் சத்தமும் கரி புடிச்ச பிளக்கும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டுது.

கோடுன்னா என்னன்னு மொதல்ல பார்த்துருவோம். நம்ம நாட்டுல 2013 ஏப்ரல்ல இருந்து வந்த கார்கள்ல ஓபிடி-2ங்கற, கோளாறை வண்டியே கண்டுபிடிச்சு சொல்ற சிஸ்டம் கட்டாயம், உங்க வண்டியில ஸ்டியரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்குமே அது இதுக்குத்தான். அதுல வர்ற கோடு எஃப்ஐஆர் மாதிரி, தீர்ப்பு கிடையாது. பி0171னா "கலவையில பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி"ன்னு ஒரு புகார், அவ்வளவுதான். புகார் கொடுத்தது சென்சார். நம்மாளுங்க பல பேர் என்ன பண்றாங்க, புகார் கொடுத்தவனையே புடிச்சு உள்ள போட்டுர்றாங்க. சென்சாரே கெட்டுப் போனா அதுக்குன்னு பி0130ல ஆரம்பிச்சு தனி கோடு வரிசை இருக்கு, ஹீட்டர் போனா பி0135. உங்களுக்கு அதெல்லாம் வரல. புது சென்சாரும் நாலு நாள்ல அதே புகாரைத்தான் கொடுத்திருக்கு, அப்ப பழைய சென்சார் பாவம், ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு.

அந்த சென்சார் பெட்ரோலை அளக்கறதில்ல, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. சைலன்சர் குழாய்ல வர்ற புகையில எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்குன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஆக்சிஜன் ஜாஸ்தி இருந்தா "ஓ, பெட்ரோல் பத்தலை போல"ன்னு ஈசியூ, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், முடிவு பண்ணி பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும். இப்ப உங்க பிளக்கை நினைச்சுப் பாருங்க. நிஜமாவே பெட்ரோல் பத்தாம ஓடுற வண்டியில பிளக் வெளுத்துப் போயிருக்கணும், உங்களோடது கரியா இருக்கு, மைலேஜும் நாலு கிலோமீட்டர் போச்சு. அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் பத்தலைங்குது, பிளக்கு ஜாஸ்திங்குது. ரெண்டுமே பொய் சொல்லலை. நடுவுல வெளிக்காத்து எங்கயோ புகுந்து சென்சாரை ஏமாத்துது.

எங்கன்னா, இன்ஜின்ல இருந்து புகையை வாங்கற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுங்கற குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட், இல்லைன்னா மேனிஃபோல்டுலயே ஒரு விரிசல். சென்சாருக்கு முன்னாடி. குளிர்ந்த இன்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வந்து, சூடானதும் இரும்பு விரிஞ்சு இடைவெளி அடைபட்டு சத்தம் நிக்கறது இதோட அச்சு அசல் குணம். லீக்குன்னா புகை வெளிய தானே வரணும், காத்து எப்படி உள்ள போகும்னு கேப்பீங்க. புகை குழாய்ல ஒரே சீரா ஓடாது, ஒவ்வொரு வால்வு திறக்கறப்பவும் ஒரு தள்ளு, அது போன பின்னாடியே ஒரு சின்ன உறிஞ்சல். ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறப்ப, அந்த உறிஞ்சலுக்கு நிறைய நேரம் கிடைக்கும், அப்ப அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து, 21 சதவீதம் ஆக்சிஜனோட, உள்ள வந்து நேரா சென்சார் மூஞ்சியில அடிக்கும். சத்தம் நின்னாலும் ஓட்டை முழுசா மூடறதில்ல, அதான் லைட்டும் அணையறதில்ல.

திம்பம் ஏறினதை எழுதினீங்களே, அதுவும் ரொம்ப உபயோகமான தகவல். 27 கொண்டை ஊசி வளைவு, பாதி தூரம் செகண்ட் கியர்லயே இழுக்கணும். பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தாலோ ஃபில்டர் அடைச்சிருந்தாலோ அங்க மூச்சு வாங்கிருக்கும், ஆக்சிலேட்டர் மிதிச்சும் வண்டி ஏறாது. நிஜமான பெட்ரோல் பற்றாக்குறை பெரும்பாலும் லோடுலதான் வெளிய தெரியும். நீங்க அந்த டெஸ்ட்டை காசில்லாம முடிச்சுட்டீங்க.

இன்டேக் பக்கம், அதாவது இன்ஜினுக்குள்ள காத்து போற வழியில, ஓட்டை இருக்கலாமேன்னு மெக்கானிக் யாராவது கேக்கலாம், நியாயமான கேள்விதான். ஏர் ஃபில்டர் குழாய்ல காத்தை நேரடியா அளக்கற எம்ஏஎஃப் சென்சார் வச்ச வண்டின்னா, வேக்கம் ஹோஸ் வெடிச்சா பி0171 வர வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா நம்மூர் சின்ன பெட்ரோல் கார்கள்ல பெரும்பாலும் எம்ஏபி சென்சார்தான், அது இன்டேக் மேனிஃபோல்டு பிரஷரை வச்சு கணக்கு போடுது. அதுல ஹோஸ் ஓட்டையானா ஈசியூ அந்தக் காத்தையும் சேர்த்தே எண்ணிக்கும், கலவை அவ்வளவா கெடாது, ஐடில் மட்டும் ஏறிக்கும். உங்களுக்கு ஐடில் ஏறினதா நீங்க எழுதலை. இருந்தாலும் பிசிவி ஹோஸை (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்கு கொண்டு போற ரப்பர் குழாய்) கையால ஒரு தடவை வளைச்சுப் பாருங்க, பத்து வருஷ ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சரி, எப்படி உறுதி பண்றது. அந்த 16 பின் சாக்கெட்ல மாட்டற ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணு வாங்குங்க, சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, போன்ல ஒரு ஆப் போட்டா போதும். கோடு படிக்கறதுக்கு மட்டும் அதை வச்சுக்காதீங்க, லைவ் டேட்டாவுல ஃபியூவல் ட்ரிம்னு ரெண்டு நம்பர் இருக்கும், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம். ரெண்டையும் கூட்டினா ஈசியூ தன் கணக்குக்கு மேல எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டி ஊத்துதுன்னு தெரியும். பத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல, 20, 25ஐ தாண்டி அங்கேயே நின்னா கோடு விழும். காலைல ஸ்டார்ட் பண்ணி ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சு ஐடில்ல பாருங்க, சூடானதும் ஐடில்ல பாருங்க, அப்புறம் நின்ன இடத்துலயே 2,500 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷம் புடிச்சுப் பாருங்க, மூணையும் பேப்பர்ல எழுதுங்க. ஐடில்ல ரொம்ப ஜாஸ்தி இருந்து 2,500ல மளமளன்னு இறங்கினா ஓட்டைதான். நேர்மாறா ஐடில்ல நல்லா இருந்து லோடுல ஏறினா நான் மேல சொன்னதை எல்லாம் மறந்துட்டு பெட்ரோல் பிரஷரைப் பாருங்க, பம்பு, ஃபில்டர் (டேங்க்குக்குள்ளயே பம்போட சேர்ந்து இருக்கற வண்டிகள் நிறைய), இன்ஜெக்டர்னு அது வேற ரூட்டு.

ஓட்டை இருக்கற இடத்தை கண்ணால பார்க்கணும்னா ராத்திரி முழுக்க குளிர்ந்த வண்டியில பாருங்க. மேனிஃபோல்டுக்கு மேல தகடு இருந்தா போல்ட்டை எடுத்து அதைக் கழட்டுங்க. டார்ச் அடிச்சா, இன்ஜின் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேர்ற இடத்துல ஒரு பக்கமா கரி விசிறி மாதிரி படிஞ்சிருக்கும், அகல் விளக்கு வச்ச மாடத்துல சுவர் கருத்திருக்குமே அந்த மாதிரி. அது கண்ணுல படலைன்னா ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு: இன்ஜின் ஆஃப்ல, வேக்கம் கிளீனர்ல ஊதுற பக்கத்து குழாயை சைலன்சர் வாய்ல வச்சு துணி சுத்திட்டு ஊத விடுங்க, இன்னொருத்தர் சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல எடுத்து கேஸ்கெட் ஓரம், சென்சார் திருகியிருக்கற இடம், ஃபிளெக்ஸ் பைப்பு எல்லா இடத்துலயும் அடிக்கட்டும். பஞ்சர் கடையில ட்யூப்பை தண்ணியில முக்கினா குமிழி வரும் பாருங்க, அதே கதைதான். சில பேர் ஓடுற இன்ஜின்ல ஊதுபத்தி காட்டி பார்ப்பாங்க, பெட்ரோல் லைன் பக்கத்துல நெருப்பு எல்லாம் வேண்டாம்.

இதை இவ்வளவு நம்பிக்கையா சொல்றேன்னா நானே சூடு பட்டிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வண்டிக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு ரெண்டு சென்சார் போட்டேன், ரெண்டுக்கும் கஸ்டமர் காசு கொடுத்தார். மூணாவது தடவை வந்தப்ப பக்கத்து பட்டறை வெல்டர் ஒருத்தர் டீ குடிச்சுட்டே நின்னவர் "என்ன தம்பி, சைலன்சர் பேசுது"ன்னார். கேஸ்கெட் ஒரு மூலையில கால் அங்குலம் தின்னு போயிருந்துச்சு. அந்த ரெண்டாவது சென்சார் காசை திருப்பிக் கொடுத்தேன், மொதலாவதுக்கு மனசு வரல, இப்பவும் உறுத்தும்.

வேலைன்னு பார்த்தா கேஸ்கெட் விலை சில நூறுதான், கழட்டறதுலதான் பாடு இருக்கு. பத்து வருஷம் சூட்டுல வெந்த ஸ்டட்டுங்க, முரட்டுத்தனமா திருகினா ஹெட்டோட முறிஞ்சுரும், அப்புறம் ட்ரில் போட்டு எடுக்கற கூலி கேஸ்கெட்டை விட பத்து மடங்கு. மொத நாள் சாயங்காலமே துரு விடுற ஆயில் அடிச்சு ஊற விடச் சொல்லுங்க. கழட்டினதும் மேனிஃபோல்டு முகத்துல ஸ்கேல் வச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும், வளைஞ்சிருந்தா லேத்துல கொடுத்து ஃபேஸிங் பண்ணி மட்டமாக்காம புது கேஸ்கெட் போட்டா ரெண்டே மாசத்துல திரும்ப டிக் டிக். முறுக்கும்போது நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்ச்ல. சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி விடறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க, அந்த சூட்டுக்கு சாதா பேஸ்ட் நிக்காது. விரிசல்னா என்ன உலோகம்னு பார்த்து வெல்டிங், இல்லைன்னா புதுப்பேட்டை மாதிரி இடத்துல நல்ல நிலைமையில பழசு தேடலாம்.

ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பத்தி கேட்டீங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா முழுப் பழியும் அது மேல போட முடியாது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும், ஈ10க்கு 14.1, ஈ20க்கு 13.5 கிட்ட. அதாவது ஈ10ல இருந்து ஈ20க்கு மாறினா அதே காத்துக்கு பெட்ரோல் நாலு அஞ்சு சதவீதம் கூட ஊத்தணும், ட்ரிம்மும் அந்த அளவு ஏறும். ஏற்கனவே ஓட்டையால 18ல தொங்கிட்டிருந்த வண்டியை அது 22க்கு தள்ளி விட்டிருக்கலாம். மைலேஜ்லயும் கொஞ்சம் குறையும், ஆனா 17 லேருந்து 13க்கு எல்லாம் அது ஒண்ணே இறக்காது.

பி0420 கேட்டலிஸ்ட் சரியா சுத்தம் பண்ணலைங்கற புகார். அதுவும் முன்ன பின்ன இருக்கற ரெண்டு ஆக்சிஜன் சென்சாரை ஒப்பிட்டுத்தான் சொல்லுது, மொத சென்சாரே ஏமாந்து போய் கலவை தாறுமாறா இருக்கறப்ப அந்த ஒப்பீட்டுக்கு என்ன மதிப்பு? ஆறு மாசம் பெட்ரோல் ஜாஸ்தியா குடிச்சதுல கன்வெர்ட்டருக்கு நிஜமாவே அடி பட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை ஓட்டையை அடைச்ச பின்னாடிதான் தெரிஞ்சுக்க முடியும். இப்ப புதுசு மாட்டினா அதுவும் இதே கரியைத்தான் தின்னணும்.

பல்பை புடுங்கறது வேண்டவே வேண்டாம். இப்ப நிலையா எரியுது, பார்த்து ஓட்டலாம். அதே லைட்டு என்னைக்காவது விட்டு விட்டு மின்ன ஆரம்பிச்சா மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கிரும், உடனே ஓரம் கட்டணும். பல்பு இல்லைன்னா அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணு, இது மைலேஜ் விஷயம் மட்டும் இல்ல. பானெட்டுக்குள்ள புகை லீக் ஆகுதுன்னா அது முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற காத்துத் துவாரம் வழியா கேபினுக்குள்ள வரலாம், அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, வாசனை கிடையாது. சரி பண்ற வரைக்கும் நின்ன வண்டியில ஏசி போட்டு தூங்கறது, குழந்தைகளை உள்ள உட்கார வச்சுட்டு கடைக்குப் போறது ரெண்டும் கூடாது. வண்டிக்குள்ள தலை வலிச்சா கண்ணாடியை இறக்கிட்டு வெளிய இறங்கிருங்க.

கேஸ்கெட் மாத்தினதும் கோடை ஸ்கேனர்லயே அழிங்க, பேட்டரியை கழட்டி அழிக்க வேண்டாம், ரேடியோ செட்டிங்ல இருந்து ஐடில் வரைக்கும் எல்லாம் மறந்துரும். அழிக்காம விட்டாலும் தொடர்ந்து மூணு ட்ரிப் புகார் இல்லாம ஓடினா லைட்டு தானா அணைஞ்சுரும். நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு அதே மூணு ரீடிங்கை மறுபடி எழுதுங்க, லாங் டெர்ம் ட்ரிம் பத்துக்குள்ள வந்திருக்கணும். அப்புறம் பைபாஸ்ல ஒரே வேகத்துல ஒரு அரை மணி நேரம் ஓட்டி, ரெண்டாவது ஆக்சிஜன் சென்சார் வோல்டேஜைப் பாருங்க. 0.6, 0.7 கிட்ட ஆடாம நின்னா கன்வெர்ட்டர் நல்லா இருக்கு, மொத சென்சார் மாதிரியே அதுவும் 0.1க்கும் 0.9க்கும் ஏறி இறங்கினா அப்ப பேசலாம் அந்த 40,000 பத்தி.