மூக்கால இரத்தம் வந்தால் இண்டைக்கே காட்டுங்கோ

தங்கச்சி, உப்புவெளியில உங்கட நாய் ரெண்டு நாளாச் சாப்பிடாமல் சுருண்டு கிடக்குது, மூக்காலயும் இரத்தம் வந்தது எண்டு எழுதியிருந்தீங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், எங்கட பக்கம் அது சாதாரணம். உண்ணி கடிச்சுப் பரவுற எர்லிக்கியா எண்ட கிருமி, இரத்தத்தை உறைய வைக்கிற இரத்தத்தட்டுகளைக் குறைக்கும், அப்பதான் இப்பிடி வடியும். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கோ. வெளிறியிருந்தால் இன்னும் அவசரம். மிருக வைத்தியரிட்ட இரத்தப் பரிசோதனை கேளுங்கோ. எர்லிக்கியாதான் எண்டால் டொக்சிசைக்கிளின் எண்ட அன்டிபயோட்டிக் மருந்து குடுப்பினம், வழக்கமாக 28 நாள். இடையில நாய் துள்ளி விளையாடினாலும் நிப்பாட்டாதேங்கோ (சனம் அங்கதான் கோட்டை விடுகிறது). பனடோல், இபுபுரூஃபன் ஒண்டும் குடுக்கவே வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. பயம் வரத்தான் செய்யும், ஆனால் இது மருந்துக்குக் கேட்கிற வருத்தம். போக முதல் காதுக்குள்ளயும் விரல் இடுக்கிலயும் உண்ணி இருக்கா எண்டு பார்த்து வைத்தியரிட்டச் சொல்லுங்கோ.