அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ரசிகர்கள் எதிரணியை ஏன் அவ்வளவு வெறுக்கிறார்கள்?

கல்லூரிப் பகை என்பது, ஆண்டுதோறும் மோதும் இரு பல்கலைக்கழக அணிகளின் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் போட்டியுணர்வு ஆகும். 1897இல் முதன்முதலாக மோதிய ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஆகிய அமெரிக்கக் கால்பந்து அணிகள் இதற்குச் சிறந்த சான்று. ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகப் பெயர்ப்பலகைகளிலுள்ள ‘எம்’ எழுத்துகளின்மேல் சிவப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டிவிடுவார்கள்.

இதற்கு நெருக்கமே காரணம். 1835இலேயே டொலீடோ நகரப் பகுதிக்காக எல்லைத் தகராறு கண்ட அண்டை மாநிலத்தவர் இவர்கள். ஒரே அலுவலகத்தில், சில வேளை ஒரே வீட்டில் இருப்பதால், தோற்றவர் மறுநாள் வென்றவரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நம் ஊர்ப் பங்காளிச் சண்டையும் இப்படிப்பட்டதே.

இதை மனிதர்கள்மீதான வெறுப்பு எனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். ஆனால், 1918 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவந்த அந்த ஆட்டம் 2020இல் கொரோனாவால் ரத்தானபோது, இரு தரப்பு ரசிகர்களிலும் பலருக்கு அந்தப் பருவமே குறைபட்டதாகத் தோன்றியது.