மின் கிளைடர் சார்ஜ்: வாசகர் கேள்விகள்

கே: ஏ.எஸ். 34 எம்.ஈ. மின் கிளைடரை (மேலெழும்ப மட்டும் பேட்டரி மோட்டார், பிறகு காற்றில் மிதக்கும் விமானம்) வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்ய எவ்வளவு நேரமாகும்?

ப: பேட்டரி எட்டரை யூனிட் சொச்சம். சார்ஜர் 2 கிலோவாட் என்றால் நாலேகால் மணி நேரம். கடைசிக் கட்டம் மெதுவாகத்தான் ஏறும். ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

கே: ஒரு தடவை மேலெழும்ப எவ்வளவு மின்சாரம் செலவாகும்?

ப: எடையைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? 500 கிலோ என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏற ஏட்டுக் கணக்கில் 1.4 யூனிட், இழப்புகளைச் சேர்த்தால் இரண்டரை. 600 மீட்டருக்கு ஒன்றரை போதும். பேட்டரியில் உள்ள மிச்சத்தை நம்பி மேலே போனாலும், இறங்க ஒரு வயலைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் உடலுக்குள் மடங்கியிருக்கும் மோட்டாரைப் பறக்கும்போது வெளியே நீட்ட வேண்டும்.

கே: தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றில்) சுற்றும்போது புரொப்பெல்லரைக் காற்றில் சுழலவிட்டு சார்ஜ் ஏற்றலாமா?

ப: ஏறுகிற உயரத்தை புரொப்பெல்லரின் இழுவையே (காற்றுத் தடை) தின்றுவிடும். வேண்டாம்.

கே: ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன். பிளக் தூரத்தில் இருப்பதால் கேபிள் சக்கரம் வைத்திருக்கிறேன். சக்கரம் சூடாகிறது. பரவாயில்லையா?

ப: சூடாவது தெரிந்தும் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்! மாதம் தவறாமல் யாராவது இதையே எழுதுகிறார்கள். சக்கரத்தின் மேலேயே அச்சிட்டிருக்கிறது: சுருட்டியிருந்தால் சுமார் 1,000 வாட், முழுக்க விரித்தால் 3,000-க்கு மேல். சுற்றுக்குள் சுற்றாக இருக்கும் வயரின் சூடு வெளியேற வழியில்லை, உறை உருகும். நீங்கள் இழுப்பதோ 2,000 வாட். கடைசிச் சுற்று வரை விரியுங்கள். அடுத்தது, ஆளில்லாத சார்ஜ். ஹேங்கரில் உங்கள் கிளைடர் மட்டுமா நிற்கிறது? 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ஹாமில் ஒரு 304 ஈ.எஸ். மின் கிளைடர் தரையிறங்கிய வேளையில் அதன் பேட்டரி தீப்பிடித்தது. விமானி உள்ளே இருந்ததால் உடனே கவனித்தார், தப்பினார். இரவில் பூட்டிய ஹேங்கருக்குள் யார் கவனிப்பது? உங்களுடையது கழற்றக்கூடிய எஃப்.ஈ.எஸ். (மூக்கில் புரொப்பெல்லர் உள்ள மின் மோட்டார் அமைப்பு) பேட்டரி என்றால் அதை வெளியே எடுத்து, எரியாத தரையில் வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். கையேட்டை ஒரு முறையாவது புரட்டுங்கள்.

கே: நாங்கள் பறக்கும் களத்தில் மின் இணைப்பே இல்லை. சூரிய சக்தி உதவுமா?

ப: கிளைடரை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் கூரையில் சூரியத் தகடு பதித்தால் உதவும். டாரஸ் எலெக்ட்ரோ என்ற மின் கிளைடருக்கு அதைத் தயாரிக்கும் பிப்பிஸ்ட்ரல் நிறுவனமே அப்படியொரு டிரெய்லரைக் கொண்டுவந்தது. வார இறுதியில் மட்டும் பறப்பவருக்கு ஐந்து நாள் வெயில் தாராளம்.

கே: குளிர்காலத்தில் பேட்டரியை முழு சார்ஜில் வைக்கலாமா?

ப: கூடாது. பாதி அளவில் வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள். முதலில் பேட்டரியை அறைக்குள் கொண்டுவாருங்கள். அப்போதும் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.