108 ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்களுக்கு அன்றாடம் என்னென்ன தொல்லைகள்? சிரிப்பு வரும் நேரமும் உண்டா?

தொல்லை என்றதும் ரத்தம், விபத்து, ராத்திரி முழிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கெல்லாம் பயிற்சி உண்டு, நாளடைவில் பழகியும் விடும். பழகாதது ஒன்றுதான்: நோயாளி பக்கத்தில் போய் உட்காருவதற்கு முன்பே வீணாகிற நிமிடங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடும் 108 வண்டியை வைத்தே சொல்கிறேன். வண்டிக்கு இரண்டே பேர். ஓட்டுகிறவர் பைலட், நோயாளியைப் பார்க்கிறவர் இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். ஷிப்ட் 12 மணி நேரம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை விலாசம். "பிள்ளையார் கோயில் பக்கத்துல" என்பார்கள். தெருவுக்கு ஒரு பிள்ளையார் இருக்கிற நாடு இது. "காந்தி நகர் மூணாவது தெரு" என்பார்கள். காந்தி நகர் இல்லாத ஊர் ஏது? நீங்கள் 108-ஐ அழுத்தினால் அழைப்பு சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. எடுப்பவருக்கு உங்கள் ஊர்ப் பிள்ளையாரைத் தெரிய வழியில்லை. மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம் என்று வரிசையாக அவர் கேட்பது அதனால்தான். "அதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க, முதல்ல வண்டிய அனுப்புங்க" என்று சத்தம் போட்டால் வண்டி சீக்கிரம் வராது, எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவாவதுதான் தள்ளிப்போகும்.

வண்டி கிளம்பியதும் வழி கேட்க இ.எம்.டி. உங்கள் எண்ணுக்கே பேசுவார். அந்த நேரம் பார்த்து லைன் பிஸி. போன் செய்தவர் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொரு வகை, அம்மா பரமக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் மயங்கிக் கிடப்பார், 108-க்குப் பேசுகிற மகன் சென்னையில் இருப்பார். அவரிடம் வழி கேட்டால், பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த புளியமரத்தைச் சொல்வார். அவர்மேல் தப்பில்லை, பதறிப்போய்ப் பேசுகிறார். ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த எண்ணில் வண்டி வரும்வரை வேறு யாரிடமும் பேசாதீர்கள். சொந்தக்காரர்களுக்கு வேறு போனிலிருந்து சொல்லிக்கொள்ளலாம்.

ஒருவர் மெயின் ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். ராத்திரி என்றால் கையில் டார்ச். வீட்டு விளக்கு எல்லாவற்றையும் போட்டு, கேட்டைத் திறந்து வைத்து, நாயைக் கட்டுங்கள். நாயைக் கட்டுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆக்சிஜனும் பையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர் கேட்டில் நாய் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார். வழிகாட்ட பைக்கில் முன்னால் போகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பைக் நுழைகிற சந்தில் இந்த வண்டி நுழையாது. அகலம் ஆறடிக்கு மேல், உயரம் சைரன் பட்டையோடு எட்டடிக்கு மேல். ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தலும் அலங்கார வளைவும் தெருவை அடைத்திருந்தால் ரிவர்ஸிலேயே மெயின் ரோட்டுக்கு வர வேண்டியதுதான். தண்ணி லாரி போய்வரும் வழியைக் காட்டுங்கள், அது போதும்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. சைரன் கேட்டதும் இடது இண்டிகேட்டர் போட்டு மெதுவாக இடப்பக்கம் ஒதுங்குங்கள். பதறி நடு ரோட்டில் பிரேக் அடிக்காதீர்கள். காலியாகிற வழியில் ஆம்புலன்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிற பைக்குகள்தான் பைலட்டுக்குப் பெரிய பயம். அவர் பிரேக் மிதித்தால் அந்தப் பையன் பின்கதவில் இருப்பான். வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட உண்டு.

வீட்டுக்குள் வந்த பிறகு அடுத்த தொல்லை ஸ்ட்ரெச்சர். அதன் நீளம் ஆறடிக்கு மேல். அபார்ட்மெண்ட் லிஃப்டில் படுத்த வாக்கில் போகாது. மூச்சுத் திணறல் உள்ளவரை நாற்காலியில் உட்கார வைத்தே இறக்கலாம். அவருக்கு அதுதான் நல்லதும்கூட. சொந்தக்காரர்கள் அன்பில் "படுத்துக்கோங்கப்பா, படுத்துக்கோங்க" என்று அழுத்திப் படுக்க வைப்பார்கள், அவருக்குத் திணறல் இன்னும் கூடும். விழுந்து அடிபட்டவரை மட்டும் கையையும் காலையும் பிடித்துத் தூக்கவே கூடாது. அதற்கு ஸ்கூப் என்கிற தனி ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஆளுக்குப் பக்கத்தில் வைத்து நீளத்தைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் அடியில் செருகி, தலைமாட்டுப் பூட்டை முதலில், கால்மாட்டுப் பூட்டை அடுத்துப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டில் சேலைத் தலைப்போ பின்னலோ மாட்டிக்கொள்வது வழக்கம். 'க்ளிக்' சத்தம் சரியாகக் கேட்காவிட்டால் தூக்காதீர்கள், துணியை விலக்கி மறுபடி பூட்டுங்கள். தூக்க நாலு பேர் வேண்டும், இருப்பதோ இரண்டு பேர். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் கை கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

ஆஸ்பத்திரியில் இறக்கிய பிறகும் ஸ்ட்ரெச்சர் தொல்லை விடாது. உள்ளே டிராலி காலி இல்லாவிட்டால் நோயாளி ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பார். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வண்டி அடுத்த கேஸுக்குப் போக முடியாது. வெளியே சும்மா நிற்கிற ஆம்புலன்ஸைப் பார்த்து "டிரைவர் ஜாலியா உட்கார்ந்திருக்கான்" என்று நினைக்காதீர்கள். அவர் ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருக்கிறார்.

வெளியாட்களுக்குத் தெரியாத கவலை ஒன்று ஆக்சிஜன் கணக்கு. "சிலிண்டர் ஃபுல்" என்ற சொல்லை நம்பி ஷிப்ட் மாற்றக் கூடாது. பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். அழுத்தம் காட்டும் கேஜ் 150 பார் காட்டினால் 10 × 150, அதாவது 1,500 லிட்டர் வாயு. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம் வரும். கேஜ் 60-இல் நின்றால் 600 லிட்டர், 40 நிமிடம்தான். அதிலும் கடைசி 20-ஐக் கையிருப்பாக விட்டால் 26 நிமிடம். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு மணி நேரம் போகிற ஐ.எஃப்.டி. (ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற) கேஸுக்கு 1,800 லிட்டர் தேவை. புது பி டைப் ஒன்றே போதாது என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், பாதி வழியில் அல்ல.

கேஜ் பொய் சொல்வதும் உண்டு. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, ரெகுலேட்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியே விடாமல் போனால் முள் பழைய இடத்திலேயே நிற்கும். சாவியை எடுத்து வால்வை மெதுவாகத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தச் சாவியைச் சங்கிலியில் கட்டி வைக்காத வண்டியில் அது தேவைப்படும்போது சீட்டுக்கு அடியில் இருக்கும். 'உஸ்' என்று சத்தம் வந்தால் முதலில் வாஷரைப் பாருங்கள். ஈரப்பத பாட்டிலின் மூடி மரை மாறி உட்கார்ந்திருந்தால், வாயு ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டரில் குண்டு அழகாக மிதக்கும், நோயாளிக்கு ஒன்றும் போய்ச் சேராது. மாஸ்க்கின் பை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதே நிச்சயமான சோதனை. இன்னொன்று, தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிய கையோடு வால்வைத் தொடக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

ஓடுகிற வண்டியில் ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. ரத்த அழுத்தம் பார்க்க, மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு, கையில் சுற்றிய கஃப்பைத் தளர்த்தி, நாடி திரும்பும் இடத்தைக் குறித்துக்கொள்வோம். மேல் எண் மட்டும்தான் கிடைக்கும். "கீழ் எண் எவ்வளவு சார்?" என்று கேட்கிற அண்ணன்களுக்கு இதுதான் பதில்.

பாம்புக்கடி கேஸ் என்றால் பாம்பையும் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். செத்த பாம்பின் தலைகூட அனிச்சையாகக் கடிக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் இங்கே கொடுக்கிறார்கள். முடிந்தால் தள்ளி நின்று ஒரு போட்டோ எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கயிறு இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருங்கள். பூச்சிமருந்து குடித்த கேஸில் நிலைமை நேர் எதிர். அந்த பாட்டிலையோ பாக்கெட்டையோ கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள், லேபிளைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

சிரிப்பு வருகிற நேரங்களும் நிறைய. வண்டி நிற்கும் பேஸில் பார்சல் டீயைப் பிரித்தால் கேஸ் வரும் என்று எல்லா வண்டியிலும் நம்புகிறார்கள். நெஞ்சுவலியோடு ஏறிய பாட்டி "என் வெத்தலைப் பையை எடுத்தாச்சா?" என்று கேட்டால் இ.எம்.டி.க்கு ஒரு நிம்மதி, ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்று. கூட வர ஒருவருக்குத்தான் இடம் என்றால் ஏழு பேர் ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் விட மனசு நிறைவது வண்டிக்குள் பிரசவம். தலை தெரிய ஆரம்பித்தால் பைலட் ஓரமாக நிறுத்தி ஏ.சி.யை அணைப்பார். ஈரக் குழந்தைக்கு அந்தக் குளிர் ஆகாது. உலர்ந்த துண்டால் துடைத்து, தாயின் வயிற்றில் தோலோடு தோல் படப் போட்டு, தலையையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். அழுகிற குழந்தை என்றால் தொப்புள்கொடிக்கு அவசரமில்லை, ஒரு நிமிடமாவது பொறுத்து, இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டுவோம். நஞ்சுக்கொடியை இழுக்கவே கூடாது, தானாக வரும்.

இத்தனையும் நடக்கும்போது பக்கத்தில் நிற்கும் மாமியார் கேட்பது: "தம்பி, டைம் என்ன?" ஜாதகத்துக்கு. தலை தெரிந்த நேரமா, கொடி அறுத்த நேரமா என்று அங்கேயே ஒரு விவாதம் ஓடும். நாங்கள் பி.சி.ஆர். என்கிற நோயாளி விவரப் படிவத்தில் எழுதுவது, குழந்தை முழு உடம்போடு வெளியே வந்த நேரம். அந்த நொடியில் இ.எம்.டி. சத்தமாக நேரத்தைச் சொல்வார், பைலட் திருப்பிச் சொல்வார், அதையேதான் ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போதும் சொல்கிறோம். ஒரு நிமிட வித்தியாசத்துக்காக ஒரு வாரம் கழித்துப் போன் செய்து கேட்கிறார்கள். கேளுங்கள், சந்தோஷமாக எடுத்துப் பார்த்துச் சொல்வோம்.